ஏழாவது பங்கு

டொகெலாவ்
22 நவம்பர் 2007

அன்பு மருமகள் தெலேசியாவுக்கு,

நம் தீவுகளின் தன்னாட்சிக்கு இரண்டாம் தடவையாக ஓட்டுப் போட்டு, பதினாறு ஓட்டு குறைந்ததால் புதுக் கொடியை ஏற்றாமலே மடித்து வைத்த வருஷம் இது. பெர்சிப் புயல் தென்னைகளை முறித்துப் போட்டு மூன்றாவது வருஷம். எழுதத் தெரியாதவன் காலத்தை இப்படித்தான் பிடித்து வைக்க முடியும். தேதியை நர்ஸ் லெப்பேகா போட்டுவிட்டாள். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். கசிமிலோவின் மகள்; உனக்கு ஞாபகம் இருக்கும்.

நான் சுகம், வலது முழங்காலைத் தவிர. நீயும் என் தங்கையான உன் அம்மாவும் சுகமா? போரிருவாவின் குளிர் அவள் நெஞ்சைத் தொடாமல் இருக்கட்டும்.

நீ கேட்டது எனக்கு விளங்க மூன்று நாள் ஆனது. லெப்பேகாதான் சொன்னாள்: "பெரியவரே, எல்லாரும் அவங்கவங்க வீட்ல இருந்துக்கிட்டே மத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறதுக்கு ஒரு இடம். அதைத்தான் தெலேசியா கட்டறா."

"அதுக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டர்? இங்க சுவரே கிடையாதே" என்றேன்.

பங்குக் குழுக்களை நீ கேட்டபடி பெயரோடும் தலைக்கணக்கோடும் சொல்லியிருக்கிறேன். தனித்தாளில் இருக்கிறது. முப்பத்தோரு வருஷமாகக் கரையில் மீனைக் கூறு போட்டுக் குழுவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவன் நான். பிறந்த குழந்தைக்கும் ஒரு தலை, படுத்த கிழவனுக்கும் ஒரு தலை. ஒரு பெயர்கூடத் தப்பாது. லெப்பேகாவுக்குத்தான் கை வலித்தது.

நீ அனுப்பிய டின் இறைச்சி வந்து சேர்ந்தது. உன் அம்மாவுக்கு என் மரியாதை.

மாமா சிலினோ

*

போரிருவா
14 ஜனவரி 2008

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். லெப்பேகா அக்காவைக் கேட்டுத் தடவுங்கள்.

தையல் கம்பெனியை மூடியபோது, நாற்பத்தைந்து வயதில் இனி என்ன கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். இப்போது வாரம் மூன்று நாள் மாலை வகுப்புக்குப் போகிறேன். ராவிரி என்ற மாவோரி ஆசிரியர் வெப்சைட் கட்டச் சொல்லித் தருகிறார். ஆளுக்கொன்று முழுதாகக் கட்டி முடித்தால்தான் சான்றிதழ். எல்லாம் குறிகள்தான் மாமா. திறந்த குறியை மூட வேண்டும். முதல் வாரம் என் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டு மூட மறந்தேன். அதற்குக் கீழே வந்த ஊர் முழுக்கத் தடித்துவிட்டது.

வகுப்பில் எல்லாரும் 'நண்பராகலாமா' என்று கேட்கும் பொத்தான் செய்தார்கள். அதை ஏற்கலாம், மறுக்கலாம். நான் ராவிரியிடம், "சார், எங்க ஊர்ல யாரும் யாரையும் மறுக்க முடியாது. பங்குக் குழுவுல பொறக்கறோம், அவ்வளவுதான்" என்றேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி, "அப்ப சண்டை வந்தா எப்படி ஆன்ட்டி பிரிஞ்சு போறது?" என்றாள். "படகு வரணும்" என்றேன். வகுப்பே சிரித்தது.

அதனால் என் சைட்டில் அந்தப் பொத்தான் கிடையாது. பெயர் 'இனாத்தி'. நம் ஊர் மீன் பங்கீட்டின் பெயரே இருக்கட்டும். யார் படம் போட்டாலும், சேதி போட்டாலும், குழுக்களுக்குத் தலைக்கணக்கில் சமமாகப் போய்ச் சேரும்.

ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு நான்கு கட்டம்: பெயர், குழு, பிறந்த வருஷம், உயிரோடு இருக்கிறாரா. ஆமாம் அல்லது இல்லை. எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாது. விட்டால் புரோகிராம் அந்த ஆளையே சேர்க்காது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எல்லாக் குழுவும் சரி. நம் குழுவில் மட்டும் தலை ஏழு என்றிருக்கிறது, பெயர் ஆறுதான். ஏழாவது யார் மாமா? லெப்பேகா அக்கா விட்டுவிட்டாளா?

உங்கள் ஆசியை வேண்டும்,
தெலேசியா

*

டொகெலாவ்
20 பிப்ரவரி 2008

அன்பு மருமகளுக்கு,

சுகம். தைலம் நன்றாக எரிகிறது. எரிந்தால் வேலை செய்கிறது என்கிறாள் லெப்பேகா. எனக்கென்னவோ அவள் என்னைப் பழி வாங்குவதாகத் தோன்றுகிறது.

போன வாரம் சூரை மீன் கூட்டமாக வந்தது. இருபத்தாறு படகு போய் நானூற்றுப் பத்து மீன். பள்ளிக்கூட வாத்தியார் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். அவர் முடிப்பதற்குள் நான் கூறு போட்டு முடித்துவிட்டேன். "பெரியவரே, பேட்டரி எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

மழைத்தொட்டி நிரம்பியது. புதுப் பாதிரியாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை.

கணக்கு சரிதான். லெப்பேகா ஒன்றையும் விடவில்லை.

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

மாமா

*

போரிருவா
30 மார்ச் 2008

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் நலமாயிருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லாததால் அம்மாவிடம் கேட்டேன். சேப்பங்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தாள். "உங்கப்பன்" என்றாள்.

"அப்பாவா? அவர் போய் முப்பத்தெட்டு வருஷமாச்சேம்மா."

"போனாரா? யாரு சொன்னா? எங்கண்ணன் இன்னும் அவருக்குத் தலை வைக்கறாரு. ஊருக்குப் போய்வர்ற ஒவ்வொருத்தியும் எங்கிட்ட வந்து சொல்லிட்டுத்தான் போறா. 'சிலினோ இன்னும் ஏழு கூப்பிடறாரு மகலிதா, நீ குடுத்து வச்சவ'ன்னு."

படகு காணாமல் போனபோது எனக்கு எட்டு வயது. நான்கு பேர் போனீர்கள், மூன்று பேர் வந்தீர்கள். உங்கள் மடியில் ஏறிக் கேட்டேன். நீங்கள் என் தலையில் கை வைத்தீர்கள். அது மட்டும் நினைவிருக்கிறது.

நீங்கள் ஏழு என்று வைத்தால் நானும் ஏழு என்றுதான் வைக்க வேண்டும். தொமினிகோ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். கடைசிக் கட்டத்தில் 'ஆமாம்' போட்டேன். ஊரை விட்டு வந்த அம்மாவும் நானும் உங்கள் கணக்கில் இல்லை. கடலோடு போன அப்பா இருக்கிறார். விசித்திரம்தான்.

சைட்டைச் சோதித்துப் பார்க்க, வேறு யாரும் பயன்படுத்தாத ஒரு கணக்கு வேண்டியிருந்தது. அப்பாவின் பெயரில் உள்ளே நுழைந்து சோதிக்கிறேன். தவறென்றால் சொல்லுங்கள்.

தெலேசியா

*

போரிருவா
19 மே 2008

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு படகு வந்துபோயிற்று, உங்கள் கடிதம் இல்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது?

சைட் திறந்துவிட்டது. எழுபத்திரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள், இங்கும் ஆக்லாந்திலும் ஹவாயிலும். உள்ளே இருப்பவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். ஆள் வெளியே போனால் அணையும்.

ராவிரி கொடுத்த பழைய கம்ப்யூட்டர் சமையலறை மேசையில் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து வந்தால், அம்மா அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். தலை வாரி, பூ வைத்து, கோயிலுக்குப் போகும் சட்டை போட்டுக்கொண்டு. "தொமினிகோ உள்ள இருக்காருடி. காலைலேர்ந்து இருக்காரு" என்றாள்.

பார்த்தேன். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஐந்து நாளைக்கு முன் நான் சோதித்தது. அது இன்னும் எரிகிறது.

வகுப்பில் ராவிரி என் புரோகிராமைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தெலேசியா, 'நான் போறேன்'னு சொல்லி வெளிய போனாத்தான் இது ஆளை விடும். ஒருத்தரும் சொல்லிட்டுப் போறதில்லம்மா. பட்டுனு மூடிட்டுப் போயிடுவாங்க. பதினஞ்சு நிமிஷம் சத்தமில்லேன்னா போயாச்சுன்னு எடுத்துக்கணும். உலகம் பூரா அப்படித்தான்."

நான்கு வரி எழுதினால் முடிந்தது. அந்த நான்கு வரியை இன்னும் எழுதவில்லை மாமா. மெஷினுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும், இது என் தப்பு என்று. சொல்லிவிட்டேன். "சரி" என்றாள். எழுந்திருக்கவில்லை.

அப்பா இறந்துவிட்டாரா? நேராகக் கேட்டுவிட்டேன். நம் ஊர் வழக்கத்தில் தங்கை அண்ணனிடம் இப்படிக் கேட்கக் கூடாது, அதனால்தான் அம்மா இத்தனை காலம் வாய் திறக்கவில்லை. நான் கேட்கலாம்.

தெலேசியா

*

டொகெலாவ்
17 ஜூன் 2008

அன்புத் தங்கை தெலேசியாவுக்கு,

இதை நானாக எழுதுகிறேன், பெரியவருக்குத் தெரியும். அவர் சுகமாக இருக்கிறார். ரத்த அழுத்தம் என்னைவிடக் குறைவு.

மூன்று தடவை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "எழுது: அன்பு மருமகளுக்கு, சுகம்" என்பார். எழுதுவேன். "அப்புறம்" என்பார். பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். கடலைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். "நீ உங்கப்பன் கசிமிலோ மாதிரியே உக்காந்திருக்கே" என்பார். பிறகு, "போம்மா, கிளினிக்ல ஆள் காத்திருக்கும்" என்பார். ஒருவரும் காத்திருக்க மாட்டார்கள்.

பாதிரியாரை எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம். எழுதினா நீதான் எழுதணும்" என்றார்.

நீ அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதினேன். அத்தைக்கு என் முத்தம்.

லெப்பேகா

*

டொகெலாவ்
15 ஜூலை 2008

அன்பு மருமகளுக்கு,

சுகம். இங்கே காற்றுக் காலம். படகுகள் கொட்டகையில்.

உன் வாத்தியார் நல்லவராகத்தான் இருப்பார். ஆனால் பதினைந்து நிமிஷம் என்பது சின்னக் கணக்கு. பதினைந்து நிமிஷம் பேசாமல் இருப்பவன் மீன் பிடிக்கிறான் என்று அர்த்தம்.

எண்ணிக்கையில் ஒரு ஆள் கூட இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அந்த மீன் நம் குழுவுக்குள்ளேயே போகிறது. நான் அதைத் தின்றதில்லை. உன் அம்மாவுக்கும் அது ஒரு மரியாதை என்றே நினைத்தேன்.

மாமா

*

போரிருவா
11 ஆகஸ்ட் 2008

மாமாவுக்கு,

நலம்.

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். விதாலேயை உங்களுக்குத் தெரியும். மனைவியை இழந்தவர், இங்கே பஸ் ஓட்டினார். எனக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது அம்மாவைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். நல்ல மனிதர். என் சைக்கிளுக்குப் பெல் வைத்துக் கொடுத்தவர். பாதிரியார் அம்மாவிடம், "உன் வீட்டுக்காரர் இறந்தது உறுதியா?" என்று கேட்டாராம். "ஊர்ல இன்னும் அவருக்குத் தலை வைக்கறாங்க சாமி" என்றாள் அம்மா. முடிந்தது. விதாலே அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு இரண்டு பெஞ்சு தள்ளி முப்பது வருஷம் உட்கார்ந்தார். போன வருஷம் இறந்தார். அவர் அடக்கத்தில் அம்மா கதவுக்கு வெளியே மழையில் நின்றாள். உள்ளே போக அவளுக்கு என்ன உறவு?

நவம்பர் இரண்டாம் தேதி இறந்தவர்களின் பூசை. அதற்கு முன்னால் கோயிலில் ஒரு தாள் வைப்பார்கள். அவரவர் வீட்டு இறந்தவர்களின் பெயரை எழுத வேண்டும்; பூசையில் வாசிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அம்மா பேனாவை எடுப்பாள். தன் அப்பா பெயரை, அம்மா பெயரை எழுதுவாள். பேனா கொஞ்ச நேரம் தாளின் மேலேயே நிற்கும். பின்னால் வரிசை காத்திருக்கும். அடுத்தவளிடம் கொடுத்துவிடுவாள்.

அவளுக்கு எழுபது. இதயத்தில் நீர் கோத்திருக்கிறது. அடுத்த வருஷத் தாளுக்கு இருப்பாளா தெரியாது. "நான் கட்டினவளா, அறுத்தவளா? அதைத் தெரிஞ்சுக்கிட்டுச் சாகணும்" என்றாள், என்னிடம் அல்ல, அந்தக் கம்ப்யூட்டரிடம்.

அந்த நான்கு வரியை எழுதிவிட்டேன். எல்லாருக்கும் பதினைந்து நிமிஷம். ஒரே ஒரு பெயருக்கு விலக்கு வைத்திருக்கிறேன். ராவிரி, "இது என்ன, இந்த ஒருத்தருக்கு மட்டும்?" என்று கேட்டார். "அவருக்கு நேரம் குறிக்கறவரு வேற ஒருத்தரு சார்" என்றேன்.

ஒரே ஒரு சொல் மாமா. ஆமாம் அல்லது இல்லை.

தெலேசியா

*

போரிருவா
2 செப்டம்பர் 2008

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கை மகலிதா என் கையாலேயே எழுதுவது. நீங்கள் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். முழங்கால் தேவலையா? காலையில் வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள்.

நான் சுகம். இங்கே குளிர் குறைகிறது. எதிர்வீட்டில் எலுமிச்சை காய்த்திருக்கிறது, கேட்காமலே கொடுக்கிறார்கள்.

நவம்பர் இரண்டு இந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. கோயிலுக்குப் போவேன்.

உங்கள் தங்கை,
மகலிதா

*

டொகெலாவ்
9 அக்டோபர் 2008

அன்பு மருமகள் தெலேசியாவுக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் ஆப்பியாத் துறைமுகத்தில் தங்காமல் வந்து சேர வேண்டும். கப்பல் கேப்டனின் கையிலேயே கொடுக்கிறேன்.

உன் அம்மாவின் கடிதத்தை லெப்பேகா வாசித்தாள். எலுமிச்சை வரைக்கும் வாசித்தாள், பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமையை வாசித்தாள். "இன்னொரு தடவை வாசி" என்றேன். வாசித்தாள். "உக்காரு. தாளை எடு" என்றேன்.

பெரிய புயலுக்கு நாலு வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்துக்குத் தகரக் கூரை போட்ட வருஷம். நாலு பேர் சூரைக்குப் போனோம். படகுக்குத் தலைவர் பெத்தேலோ. கசிமிலோ, நான், உன் அப்பா தொமினிகோ. காற்று மோதிப் பாய்மரம் முறிந்தது. முறிந்த கட்டை உன் அப்பாவின் தொடையைக் கிழித்தது. நீரோட்டம் எங்களை வடக்கே கொண்டுபோயிற்று. பதினோராம் நாள் மிச்சமிருந்தது ஒரு இளநீர். மழை இல்லை. உன் அப்பாவுக்குக் காய்ச்சல், பிறகு குளிர், பிறகு அசைவில்லை. அவன் என்னைவிடச் சின்னவன், என் தங்கையைக் கட்டினவன், அந்த ஒரு வருஷத்தில் மூன்று தடவை என் தூண்டிலைக் கேட்காமல் எடுத்தவன். எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

பெத்தேலோ அவன் நெஞ்சில் காதை வைத்தார். "போயிட்டான்" என்றார். ஜெபம் சொன்னோம். கசிமிலோ தோளைப் பிடித்தான். நான் காலைப் பிடித்தேன். ஓரத்துக்கு மேலே தூக்கியபோது அவன் பாதம் என் கைக்குள் விரலை மடக்கியது.

மருமகளே, அந்த நேரம் எனக்கு ஞாபகம் வந்தது அந்த ஒரு இளநீர். நாலு வாயா, மூன்று வாயா என்று. நான் கையை விட்டேன்.

கசிமிலோ என் முகத்தைப் பார்த்தான். "என்னடா?" என்றான். "ஒண்ணுமில்ல" என்றேன்.

இருபத்து மூன்றாம் நாள் ஒரு தூண்டில் கப்பல் எங்களை எடுத்தது. ஊர் வந்தோம். முதல் மீன் வந்த நாள், அப்போது பங்கு வைத்த கிழவர் என்னிடம் கேட்டார்: "தொமினிகோவுக்குத் தலை உண்டா? கூடப் போனவன் நீ, அவன் மச்சான். நீ சொல்லு." பெத்தேலோ சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு, "உண்டு" என்றேன். மச்சானின் சொல்லை மீறி அவரும் கசிமிலோவும் அதன்பிறகு ஊரில் வாய் திறக்கவில்லை. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் செத்ததை நான் பார்க்கவில்லை. நான் அவனை உயிரோடு விட்டேன், அதனால் உயிரோடு எண்ணினேன். பாசத்தால் என்றது ஊர். உன் அம்மாவைப் பார்த்து மற்றப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். பெத்தேலோ சாகும்வரை என்னோடு சரியாகப் பேசவில்லை. அவர் சொல்ல வந்ததை நான் ஊர் நடுவில் பொய்யாக்கிவிட்டேன் அல்லவா. பிறகு பங்கு வைக்கும் வேலை எனக்கே வந்தது, அப்புறம் என்னைக் கேட்கவும் ஆளில்லை.

விதாலேயைப் பற்றித் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். அடுத்த கடிதத்தில் சொல்லலாம், அடுத்த படகில் சொல்லலாம் என்று இருந்தேன்.

இந்த இடத்தில் லெப்பேகா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நான் காத்திருந்தேன். அவள் அப்பன் பெர்சிப் புயல் வருஷத்தில் கிளினிக்கில் கிடந்தபோது என்னை வரச் சொல்லி, "அன்னிக்கு என்னடா ஆச்சு? இப்பவாவது சொல்லு" என்று கேட்டான். அவள் அவன் தலைமாட்டில் நின்றாள். அன்றைக்கும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொன்னேன். அதனால்தான் இதை அவள் கையால் எழுத வேண்டியிருந்தது.

"அப்பாவுக்குத் தெரியாமலே போயிடுச்சே" என்றாள்.

"தெரிஞ்சிருந்தா உனக்குத் தூக்கம் இருக்காதும்மா."

"இப்ப மட்டும்?" என்றாள். மூக்கைச் சிந்திவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை மீன் வந்தது. நம் குழுவைக் கூப்பிட்டு ஆறு என்றேன். கரை அப்படியே நின்றது.

வாத்தியார் மெதுவாக, "ஏழு, பெரியவரே" என்றார்.

"ஆறு."

"மறந்துட்டீங்க போல."

"எனக்கு எப்பய்யா மறந்திருக்கு? ஆறுதான். அடுத்த குழுவைக் கூப்பிடறேன், தள்ளி நில்லு" என்றேன். பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். முப்பத்தெட்டு வருஷம் பிந்திய அழுகை, ஆனால் சத்தம் குறையவில்லை. சாயங்காலம் கோயிலில் துக்க மணி அடித்தார்கள்.

உன் அம்மாவைத் தாளில் பெயரை எழுதச் சொல். இந்த வருஷமே எழுதட்டும். அந்தப் பாதத்தைப் பற்றி அவளுக்குச் சொல்லலாமா என்று கேட்காதே. அது அண்ணன் தங்கையிடம் பேசுகிற பேச்சு இல்லை. நீ அவள் மகள். அவளைப் பார்த்துக்கொண்டு இருப்பவள் நீ, தீர்மானம் உன்னுடையது. என்னை அவள் மன்னிக்க வேண்டும் என்று எழுதச் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம், எழுதாதே என்று லெப்பேகாவிடம் சொன்னேன். அவள் எழுதிவிட்டாள்.

நீ ஒரு சொல் கேட்டாய். நான்கு பேர் போனோம், நான்கு பேருக்கும் சொல்கிறேன். தொமினிகோ இல்லை. பெத்தேலோ இல்லை, ஆப்பியா ஆஸ்பத்திரியில் போனார், படகுத்துறையை வெடி வைத்து அகலமாக்கிய வருஷம். கசிமிலோ இல்லை. அந்தப் படகில் இன்னும் உயிரோடு இருப்பவன் ஒருவன்தான், சிலினோ.